லயத்து வீடுகளும் விடுதி அறைகளும்



சென்ற ஆண்டு வைகாசியில் கோலாலம்பூரில் என் அண்ணன் மகளின் திருமணம் நடைபெற்றது. ஆசிரியை என்றால் பட்டியல் எழுதுவதில் வல்லவள் என்பது எங்கள் குடும்பத்தின் நெடுநாளைய நம்பிக்கை. எனவே வெளியூர் உறவினர்களைத் தங்கவைக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. மண்டபத்திற்கு அருகிலிருந்த ஒரு தங்குவிடுதியில் 20 அறைகளை இரண்டு இரவுகளுக்கு மொத்தமாகப் பதிவு செய்தோம். அழைப்பிதழ் சென்ற வெளியூர்க் குடும்பங்களோ 43. யாருக்கு அறை, யாருக்கு இல்லை என்று எழுத அமர்ந்த அந்த இரவில்தான், இந்நாட்டில் நம் முன்னோர் திருமணத்திற்கு வந்தவர்களை எங்கே உறங்க வைத்தார்கள் என்ற எண்ணம் எழுந்தது.

முன்னோர் என்று வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நானே அப்படி உறங்கியிருக்கிறேன். 1988-ஆம் ஆண்டு, சுங்கை சிப்புட்டுக்கு அருகிலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் என் பெரிய அத்தையின் மகளுக்குத் திருமணம். நாங்கள் முதல்நாள் மாலையே போய்ச் சேர்ந்தோம். அத்தைக்கு இருந்தது ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட லயத்து வீடு. ஆனால் அன்று அந்த லயம் முழுவதுமே கல்யாண வீடாக மாறியிருந்தது. அண்டை வீட்டார் தங்கள் பெட்டி படுக்கைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பாயை விரித்து வைத்திருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் வீடுகளுக்குள், ஆண்கள் மாரியம்மன் கோயில் மண்டபத்திலும் பந்தலின் கீழும். அப்படியும் இடம் போதாமல், தலைமையாசிரியர் தமிழ்ப்பள்ளியின் சாவியைக் கொடுத்தனுப்பினார். மேசைகளை ஒன்றோடொன்று சேர்த்து அதன்மேல் என் சிற்றப்பன்மார் உறங்கியதை மறுநாள் காலையில் பார்த்துச் சிரித்தது இன்றும் நினைவிலிருக்கிறது. அத்தையின் ஒரே அறையில் அன்றிரவு பதினொரு பேர் படுத்திருந்தோம். எண்ணிப் பார்த்தவள் நான்தான். அப்போதே பட்டியல் எடுக்கும் புத்தி!

இந்த ஏற்பாடு தானாக அமைந்ததன்று. கங்காணிமார் தங்கள் சொந்த ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் திரட்டிக்கொண்டு வந்ததால், பல தோட்டங்களில் ஒரே லயத்தில் மாமனும் மச்சானும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். 1938-இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதற்குத் தடை விதித்த பின்னர், பெண் எடுப்பதும் கொடுப்பதும் பெரும்பாலும் இந்நாட்டிலுள்ள தோட்டங்களுக்கிடையிலேயே நிகழ்ந்தது. பேராக் தோட்டத்துப் பெண்ணுக்குக் கெடாவில் மாப்பிள்ளை அமைந்தால் வெளியூர் விருந்தினரும் வந்தாக வேண்டுமல்லவா? பள்ளிக்கூடத்தின் கதையும் இதனுடன் இணைந்ததே. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. சட்டம் எழுதிய வெள்ளைக்காரர், அதே கட்டடம் கல்யாணச் சத்திரமாகவும் பயன்படும் என்று எண்ணியிருக்கமாட்டார்.

பட்டணத்துத் தங்குவிடுதிகள் அக்காலத்தில் வேறோர் உலகம். கோலாலம்பூர் ரயில் நிலையத்திற்கு எதிரே 1932-இல் திறக்கப்பட்ட மெஜெஸ்டிக் விடுதி துரைமார்களும் செல்வந்தர்களும் கூடிய இடம். மாவட்டப் பட்டணங்களில் இருந்த அரசாங்க ஓய்வில்லங்கள் சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்காகக் கட்டப்பட்டவை. பால்மரம் வெட்டியவரின் சம்பந்தி அங்கே அறை கேட்டுப் போவது நினைத்தும் பார்க்க முடியாத செயல்.

விருந்தினருக்கென்றே ஒரு விடுதி எழுந்த நிகழ்ச்சியும் நம் வரலாற்றில் உண்டு. 1957-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள் மலாயா விடுதலை பெறவிருந்தது. உலகெங்கிலுமிருந்து வரும் தலைவர்களையும் தூதுவர்களையும் தங்கவைக்கக் கோலாலம்பூரில் போதிய அறைகள் இல்லை. தொழிலதிபர் லோ யாட் புக்கிட் பிந்தாங்கில் கட்டிய பெடரல் விடுதி, விடுதலை நாளுக்கு மூன்று நாள்கள் முன்னதாகத் திறக்கப்பட்டது. நாட்டின் கல்யாணத்திற்கு வந்த வெளியூர் விருந்தினருக்கான அறைத் தொகுதி என்று அதை மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு. அவர்களுக்கு அது உடனே விளங்கிவிடுகிறது.

அதே ஆண்டுகளில்தான் தோட்டங்கள் துண்டாடப்படத் தொடங்கின. வெள்ளையர் நிறுவனங்கள் விற்றுவிட்டுப் புறப்பட, வாங்கியவர்கள் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றார்கள். தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது இதற்கு எதிரான முயற்சியே. ஆயினும் பின்னாளில் வீடமைப்புத் திட்டங்களுக்காகவும் தொழிற்பேட்டைகளுக்காகவும் தோட்டங்கள் மறைவது நிற்கவில்லை. மக்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். அங்கே அண்டை வீட்டாரிடம் பாய் விரிக்க இடம் கேட்க முடியுமா? அவர் பெயரே நமக்குத் தெரியாது. விடுதி அறை நம் திருமணங்களுக்குள் நுழைந்ததற்கு ஆடம்பரம் காரணமென்று சிலர் மேடைகளில் பேசுகின்றனர். அது முழு உண்மையன்று. லயம் போன இடத்தில்தான் அறை வந்தது.

1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றபோது, இனி இரவு தங்கவேண்டிய தேவையே இராது என்று பலர் கருதினர். ஈப்போவிலிருந்து காலையில் புறப்பட்டு விருந்துண்டு மாலையில் திரும்பலாம். ஆனால் முகூர்த்தம் நெடுஞ்சாலையைப் பார்த்துக் குறிக்கப்படுவதில்லையே! எங்கள் வீட்டு முகூர்த்தம் காலை 7.30-க்கு. பினாங்கிலிருந்து வருபவர் நள்ளிரவில் புறப்பட்டாக வேண்டும்.

விடுதியின் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒத்துப்போவதில்லை என்பதை அப்போது கற்றேன். விடுதியின் நாள் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி மறுநாள் நண்பகல் 12-க்கு முடிகிறது. நம் திருமணமோ முதல்நாள் காலையிலேயே நலங்குடன் தொடங்கிவிடுகிறது. அறைக் கட்டணத்தில் காலையுணவும் அடங்கும், 6.30-க்குத்தான் பரிமாறுவார்கள். அந்நேரம் அனைவரும் மண்டபத்தில். திருமண நாளன்று 20 அறைகளின் காலையுணவுக்கும் காசு கொடுத்தோம், உண்டவர் நால்வர். பெற்றோர்களே, பேசும்போதே அந்நாளின் உணவைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது பொட்டலமாகக் கேளுங்கள். பள்ளி விடுமுறையில் திருமணம் வைத்தால் கட்டணம் ஏறும் என்பதையும் மறக்கவேண்டாம். ஆடியையும் மார்கழியையும் விலக்கினால், நடுவாண்டு விடுமுறையோடு பொருந்துவது பெரும்பாலும் வைகாசிதான். நம்மவர் எல்லாரும் அதே வாரத்தையே கேட்கிறார்கள். சிங்கப்பூர் உறவினர் ஒருவர் முகப்பில் தம்மிடம் மட்டும் ஏன் கூடுதலாக வாங்குகிறார்கள் என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். 2017 செப்டம்பரில் நடப்புக்கு வந்த சுற்றுலா வரி அது. வெளிநாட்டினருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. இதையும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

ஒப்பந்தத்தில் இருந்த இரண்டு நிபந்தனைகள்தாம் என்னை வாட்டின. 20 அறைகளில் 16-க்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பணம் கட்டவேண்டும் என்பது ஒன்று. திருமணத்திற்கு 30 நாள்களுக்கு முன் பெயர் கொடுக்கப்படாத அறைகள் பொது விற்பனைக்குத் திரும்பிவிடும் என்பது மற்றொன்று. நான் அஞ்சினேன். குடும்பப் புலனக் குழுவில் அறிவிப்பை வெளியிட்டு, முதலில் பதிலளிப்பவர்க்கு முதலில் அறை என்று எழுதினேன். வகுப்பறையில் கடைப்பிடிக்கும் நியாயம் இங்கும் பொருந்தும் என்று நினைத்தேன். மணமகளின் தோழியர் அன்றிரவே ஏழு அறைகளைப் பிடித்துக்கொண்டனர். நான்கு நாள்களில் பட்டியல் நிறைந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பெரிய அத்தையிடம் திறன்பேசி இல்லை. அவர் அந்தக் குழுவிலேயே இல்லை.

திருமணத்தன்று விடியற்காலை 5.30-க்கு மாலைகளை எடுத்துக்கொண்டு மண்டபத்திற்குச் சென்றேன். பின்புறக் குழாயடியில் ஒரு மூதாட்டி முகம் கழுவிக்கொண்டிருந்தார். அத்தை! இரவுப் பேருந்தில் வந்து, நிலையத்திலிருந்து வாடகை வண்டி பிடித்து, மூன்று மணி முதல் மண்டப வாசலில் அமர்ந்திருக்கிறார். காவலாளி நாற்காலி கொடுத்தாராம்.

“ஏன் அத்தே, எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?” என்றேன்.

“கல்யாண வேலையில நீ எத்தனையத்தாம்மா பாப்ப? விடியப்போவுதுன்னு உக்காந்துட்டேன்.”

என் அறைக்கு அழைத்துச் சென்று சேலை மாற்ற வைத்தேன். அவர் அதைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை. அண்ணனிடம் நான் இதுவரை சொல்லவில்லை. அவர் இதைப் படிக்கும்போதுதான் அறிந்துகொள்வார்.

வரும் தை மாதம் என் தம்பி மகனுக்குத் திருமணம். மீண்டும் கோலாலம்பூர், மீண்டும் 20 அறைகள், பட்டியல் மீண்டும் என் கையில். இம்முறை குழுவில் அறிவிப்பதற்கு முன், 60 வயதைக் கடந்தவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துவருகிறேன். முதல் வரியில் அத்தையின் பெயரை எழுதிவிட்டுத்தான் அவரை அழைத்தேன். மகிழ்ந்தார். பழைய தோட்டத்து அண்டை வீட்டுக்காரர்கள் மூவரும் வர ஆசைப்படுவதாகச் சொன்னார். 1988-இல் எங்களுக்குப் பாய் விரித்தவர்கள் அவர்கள்தாம்.

“ஒரு ரூமுல எத்தனை பேரும்மா படுக்கலாம்?” என்று கேட்டார்.

“ரெண்டு பேரு அத்தே. கூடுதல் கட்டில் கேட்டா மூணு.”

சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. “அவ்வளோதானா?” என்றார்.