பாட்டிலுக்குள் ஒரு நத்தை

1928 ஆகஸ்ட் 26. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு காபிக் கடை. மே டோனஹூவுக்குத் தோழி ஒரு ஜிஞ்சர் பீர் வாங்கிக் கொடுத்தார். கொஞ்சம் குடித்தபின் மீதியை ஊற்றினால்... அழுகிய நத்தை! டோனஹூவுக்கு உடம்பு கெட்டது.

நஷ்டஈடு கேட்கலாமே? அங்கேதான் சிக்கல். காசு கொடுத்தது தோழி. ஒப்பந்தம் இல்லாதவருக்கு நஷ்டஈடு இல்லை என்பதே அன்று பொதுவான சட்டம்.

டோனஹூ விடவில்லை. பானம் தயாரித்த ஸ்டீவன்சனிடம் 500 பவுண்டு கேட்டார். கையில் பணமில்லாததால், ஏழை என்று பதிவு செய்துகொண்டே பிரபுக்கள் சபைவரை போனார். 1932 மே 26 அன்று, அவர் சொல்வது உண்மையானால் தயாரிப்பாளரே பொறுப்பு என்று 3-2 கணக்கில் தீர்ப்பு வந்தது. நம் கவனக்குறைவு யாரைப் பாதிக்குமோ அவரே நம் 'அயலார்' என்றார் அட்கின் பிரபு.

வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது. நத்தை இருந்ததா என்பது கோர்ட்டில் நிரூபிக்கப்படவே இல்லை! ஆனால் பில் கையில் இல்லாதவருக்கும் ஓர் உரிமை கிடைத்துவிட்டது.