பாரிசவாதத்துக்கான மூலக்கலச் சிகிச்சை

குருதிக்குழாய் அடைபட்டுப் பழுதான மூளையை, ஸ்டெம் செல் எனப்படும் மூலக்கலங்களை ஏற்றிச் சீராக்கும் முயற்சி. இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

ஏற்றிய கலங்கள் புதிய நரம்பாக முளைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள்; பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நாளத்தில் ஏற்றியவற்றில் பெரும்பங்கு நுரையீரலிலேயே தங்கிவிடுகிறது. அவை சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணித்து, எஞ்சிய நரம்புக் கலங்களுக்குத் துணைசெய்யும் என்பதே இன்றைய விளக்கம்.

நமக்கு அருகில் நடந்த முக்கிய சோதனை இந்தியாவினுடையது. புது டில்லி எய்ம்ஸ் நரம்பியல் மருத்துவர் காமேஷ்வர் பிரசாத் தலைமையில் 5 மருத்துவமனைகளில் 120 நோயாளர் சேர்க்கப்பட்டனர். ஒரு சாராருக்கு அவரவர் என்பு மச்சையை ஊசியால் உறிஞ்சி, பிரித்தெடுத்த கலங்களை, சராசரியாக 28 கோடி, நாளத்தில் ஏற்றினார்கள். முடிவு 2014இல் வெளியானது. ஆபத்தில்லை, ஆனால் 6 மாதத்தின் பின் தானாக உண்ண, நடக்க, உடுக்க முடிகிறதா என்று அளந்தபோது இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை.

வாப்பாவுக்குக் கைகால் விழுந்துவிட்டதென்று காணியை ஈடுவைத்து இந்தியா புறப்பட நினைக்கும் கல்முனை, சாய்ந்தமருதுக் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி, பாரிசவாதத்துக்கு இதை வழமையான சிகிச்சையாக ஏற்கவில்லை. நிரூபணமானவை வேறு: அடைப்பு ஏற்பட்டு நாலரை மணித்தியாலத்துக்குள் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து, பிறகு விடாத இயன்மருத்துவம்.