பழைய டாங்கியின் அடையாளம்

இந்திய நகரங்களில் நினைவுச் சின்னமாக நிற்கும் பழைய டாங்கிகளில் பல, தொழிற்சாலையை விட்டு வந்த உருவத்தில் இன்று இல்லை. படையில் இருக்கும் காலத்திலேயே பீரங்கி மாறும், என்ஜின் மாறும். சுழலும் கூண்டையே கழற்றிவிட்டு வேறு ஆயுதம் ஏற்றுவதும் உண்டு. பெரும்பாலும் மாறாமல் தங்குவது அடிப்பாகம். ஆகவே, விவரம் அறிந்தவர்கள் பீரங்கிக் குழலை அண்ணாந்து பார்க்குமுன் குனிந்து சக்கரங்களை எண்ணுகிறார்கள்.

இரண்டாம் உலகப் போரில் இம்பால், கோஹிமா முனைகளில் ஓடிய அமெரிக்க எம்-3 டாங்கி இதற்குப் பழைய உதாரணம். அதில் இரண்டு வகை: அமெரிக்கக் கூண்டு வைத்தது 'லீ', பிரிட்டிஷ் படைக்கென வடிவமைத்த கூண்டு வைத்தது 'கிராண்ட்'. லீயின் உச்சியில் இயந்திரத் துப்பாக்கிக்கென்று ஒரு சிறு கூண்டு தனியாக இருக்கும்; கிராண்டில் அது கிடையாது. ஆனால் பர்மா முனையில் லீயின் உச்சிக் கூண்டைக் கழற்றித் தட்டையான மூடி போட்டதும் உண்டு. உச்சி மொட்டையாக இருக்கிறது என்பதற்காக அதை கிராண்ட் என்று எழுதிவிடக் கூடாது. கிராண்டின் பெரிய கூண்டு பின்பக்கம் நீண்டு புடைத்திருக்கும். வானொலிப் பெட்டிக்காக ஒதுக்கிய இடம் அது.

போருக்குப் பின் இந்தியப் படையில் தங்கிய ஷெர்மன் டாங்கிகள் இன்னும் குழப்பமானவை. சிலவற்றில் பிரெஞ்சு 75 மி.மீ. பீரங்கியும், சிலவற்றில் சோவியத் 76 மி.மீ. பீரங்கியும் ஏறின. அமெரிக்க உடலில் வேற்று நாட்டுக் குழல்! 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில், நீர் பாய்ச்சிய கரும்புக் காட்டு நடுவே பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளை எதிர்த்தவற்றில் ஷெர்மன்களும் இருந்தன. அங்கே பிடிபட்ட பேட்டன்களிலும் இரு வகை உண்டு. சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டையின் மேல்பாதியைத் தாங்கும் சிறு உருளைகள் ஒரு பக்கத்துக்கு மூன்று என்றால் எம்-47. ஐந்து என்றால் எம்-48.

அதே 1965இன் இறுதியில் சென்னையை அடுத்த ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை வழியாக 'விஜயந்தா' டாங்கி படைக்கு வந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவம், 105 மி.மீ. பீரங்கி, லேலண்ட் என்ஜின், நால்வர் கொண்ட குழு. தொடக்கத்தில் பிரிட்டனிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டிய ஆவடித் தொழிலாளர்கள், பிறகு பாகங்களையே செய்யத் தொடங்கினர். 1980களின் தொடக்கம் வரை ஏறத்தாழ 2,200 வண்டிகள் உருவாயின. அப்போதுதான் எழுந்த ஒரு தொழிற்சாலைக்கு இது சிறிய சாதனையல்ல. தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றில் இதற்குத் தனி அத்தியாயமே கொடுக்கலாம்.

விஜயந்தாவுக்கு ஒரு பக்கத்துக்கு ஆறு சக்கரம். அதே குடும்பத்தில் ஏழு சக்கரம் தென்பட்டால், உடலை நீட்டி வேறு வேலைக்குத் திருப்பிய வண்டி என்று பொருள். கூண்டை அகற்றிச் சோவியத் 130 மி.மீ. பீரங்கியை ஏற்றியது 'கேட்டபல்ட்'. ஆற்றின் மேல் போடும் பாலத்தைச் சுமந்தது 'கார்த்திக்'. இரண்டும் பார்வைக்கு ஒன்றோடொன்று ஒட்டாதவை. அடியில் ஓடுவது ஆவடி வண்டியின் சக்கரவரிசைதான்.

பார்ப்பவர் அதிகம் ஏமாறுவது சோவியத் டாங்கியான டி-55இல். சுட்ட பின் குழலுக்குள் தங்கும் புகையை வெளியே தள்ள, குழலின்மேல் ஒரு தடித்த உறை இருக்கும். டி-55இன் சொந்த 100 மி.மீ. குழலில் அந்தப் புடைப்பு வாயோரமாக இருக்கிறது. இந்தியாவில் விஜயந்தாவின் 105 மி.மீ. ரகப் பீரங்கி பொருத்திய வண்டிகளில் அது குழலின் நடுப்பகுதிக்கு நகர்ந்துவிட்டது. குழலை மட்டும் பார்த்தால் மேற்கத்திய டாங்கி என்று தோன்றும். கீழே ஐந்து பெரிய சக்கரங்கள். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையே மட்டும் அகன்ற சந்து. மேலே தாங்கும் சிறு உருளைகள் இல்லை. அந்தச் சந்து டி-55ஐக் காட்டிக்கொடுத்துவிடும்.

வகை தெரிந்த பிறகு வருவது தனி வண்டியின் வரலாறு. அது எழுத்திலும் எண்ணிலும் இருக்கிறது. வார்ப்பு எஃகுப் பாகங்களில் வார்ப்படச் சாலையின் குறிகள் மேலெழும்பி நிற்கும். ஷெர்மனின் வரிசை எண்ணைப் பின்புறத்தில் இழுவைக் கொக்கி மாட்டும் காதுகளில் தேட வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு பூசிய பச்சைப் பெயின்ட் பள்ளத்தை அடைத்திருந்தால், மேலே தாளை விரித்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் இலக்கங்கள் ஒவ்வொன்றாகத் தெளியும். சுரண்டி எடுப்பது மட்டும் கூடாது. அடியில் இருக்கும் பழைய பெயின்ட் அடுக்கும் ஒரு சான்று. கிடைத்த எண்ணைத் தயாரிப்புப் பதிவேட்டோடும், படைப்பிரிவின் போர் நாட்குறிப்போடும், தேதியிட்ட புகைப்படங்களோடும் ஒப்பிட்டால் வண்டி எங்கே பிறந்தது, எந்த மாற்றம் எப்போது ஏறியது என்ற வரிசை பிடிபடும். மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில் 1994இல் தொடங்கிய டாங்கி அருங்காட்சியகத்தில் பல நாட்டு டாங்கிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால், ஒப்பிட்டுப் பார்த்துப் பழக அதுவே இந்தியாவில் சிறந்த இடம்.