பெயர் பொறிக்கப்படாத பெண்தெய்வம்: சந்திரகேதுகர் சுடுமண் பாவைகள்

கொல்கத்தாவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் உள்ளது சந்திரகேதுகர். கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் அருங்காட்சியகம் 1956 முதல் இங்கு அகழாய்வு மேற்கொண்டது. கிறித்துவ ஊழியின் தொடக்கத்தை ஒட்டிய காலத்துச் சுடுமண் பலகைகளில் ஒரு பெண்ணுருவம் திரும்பத் திரும்ப வருகின்றது. அச்சிலிட்டுச் செய்யப்பட்ட அவ்வுருவின் இடையில் பல வடமுடைய மேகலை, காதில் பெருங்குழை, கூந்தலில் அங்குசம், கோடரி போன்ற படைக்கல வடிவ ஊசிகள். தாம்லுக்கில் கிடைத்து, இன்று ஆக்ஸ்போர்டு அஷ்மோலியன் அருங்காட்சியகத்திலுள்ள பலகையும் இவ்வகையினதே.

இவளை யட்சி என்பர். பஞ்சசூடை என்னும் அரமகள் என்பாரும், திருமகள் என்பாரும் உளர். பலகைகளில் பெயர்ப்பொறிப்பு இல்லை. பண்டை இத்தாலியின் எத்ருஸ்கரோ தம் காதல் தெய்வமாகிய துரானின் உருவை வெண்கலக் கண்ணாடிகளில் வரைந்து, அருகே பெயரையும் பொறித்தனர். அங்கு ஐயத்திற்கு இடமில்லை. இங்கு 'யட்சி' என்பது ஆய்வாளர் இட்ட பெயரேயன்றி விடையன்று. வளமை என்ற ஒரு சொல்லால் இவளை விளக்குவோர் மேகலையைக் கண்ட அளவிற்குக் கூந்தற் படைக்கலங்களைக் கண்டிலர். அழகும் அச்சமும் ஓருருவில் அமைதல் தமிழர்க்குப் புதிதன்று. அணங்கு என்னும் சொல்லும் கொல்லிப்பாவை பற்றிய மரபும் அதனையே உணர்த்துவன. இவ்வொப்புமை கொண்டு இவளை அணங்கெனப் பெயரிடுதலும் பொருந்தாது.

இப்பலகைகளுட் பல முறையான அகழாய்வின்றி எடுக்கப்பட்டு வெளிநாட்டுத் தொகுப்புகளுக்குச் சென்றன. அவை இல்லத்தில் இருந்தனவா, வழிபாட்டிடத்தில் இருந்தனவா என்பதற்கான மண்ணடுக்குச் சான்றும் அவற்றோடு அழிந்தது.