இரவு 8.15, ட்வோமாட்ஸ்கியே தெரு

நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவின் எழுச்சி எப்படி அடக்கப்பட்டது என்று சென்ற வாரம் பார்த்தோம். 1943 ஏப்ரல் 19-ல் தொடங்கிய சண்டைக்கு, மே 16-ல் முற்றுப்புள்ளி வைக்க நினைத்தார் எஸ்.எஸ். தளபதி யுர்கன் ஸ்ட்ரோப். அன்றிரவு 8.15-க்கு ட்வோமாட்ஸ்கியே தெருவிலிருந்த பெரிய ஜெப ஆலயம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

அந்த ஆலயத்தில் வழிபாடு நின்று வெகுநாள் ஆகியிருந்தது. 1942 மார்ச்சிலேயே அந்தப் பகுதியைக் கெட்டோ எல்லையிலிருந்து வெட்டிவிட்டார்கள். யூத வீடுகளில் பறித்த மேசை நாற்காலிகளைப் போட்டுவைக்கும் கிடங்காகிவிட்டது ஆலயம். போர்க் கணக்கில் அதை இடிக்க ஒரு காரணமும் கிடையாது. ஸ்ட்ரோப்புக்கு வேண்டியிருந்தது ஒரு வாணவேடிக்கை.

ஏன் இந்தக் கட்டடம்? 1878 செப்டம்பர் 26-ல், யூதப் புத்தாண்டையொட்டித் திறக்கப்பட்டது அது. வடிவமைத்தவர் லியாண்ட்ரோ மார்கோனி. இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். வார்சா அப்போது ரஷ்யப் பேரரசின் கையில். இருந்தும் ரபி இசாக் ட்ஸில்கோவ் திறப்பு விழா உரையைப் போலிஷ் மொழியில் நிகழ்த்தினார். அந்தக் காலத்தில் அது லேசான காரியமல்ல. படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் கூடிய இடம் என்பதால், பழைய மரபில் ஊறிய யூதர்கள் பலர் இதைச் சற்றுத் தள்ளியே வைத்திருந்தார்கள். ஆனால், கெர்ஷோன் சிரோட்டா இங்கே பாடிய காலத்தில் அவர் குரலின் புகழ் ஐரோப்பாவைக் கடந்து அமெரிக்கா வரை போனது. அந்தப் பாடகரும் 1943-ல் கெட்டோவிலேயே மாண்டார்.

ஸ்ட்ரோப் தன் 'சாதனை'யை நாள்வாரியாக எழுதி, புகைப்படங்கள் ஒட்டி, தோல் அட்டை போட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். வார்சாவில் யூதக் குடியிருப்பு இனி இல்லை என்பதே அதன் தலைப்பு. நியூரம்பெர்க் விசாரணையில் அதுவே நாஜிகளுக்கு எதிரான சாட்சியமானது. வேறெவரும் இவ்வளவு ஒழுங்காக ஆதாரம் திரட்டித் தந்திருக்க முடியாது! 1952 மார்ச் 6-ல் வார்சாவிலேயே அவரைத் தூக்கிலிட்டார்கள்.

ஆலயம் நின்ற இடத்தில் இன்று ஒரு நீல நிற அடுக்குமாடி. அதைக் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் இழுத்து, 1991 ஆகிவிட்டது. ரபி ஒருவரின் சாபம் என்று ஊரில் கதை உண்டு. கம்யூனிஸ்ட் போலந்தின் பொருளாதாரத்தை அறிந்தவர்களுக்குச் சாபம் தேவைப்படாது. 2018 ஏப்ரலில், எழுச்சியின் 75-ஆம் ஆண்டில், கலைஞர் கபி ஃபான் செல்ட்மான் அந்த மாடியின் சுவரில் ஆலயத்தின் உருவத்தை ஒளியால் எழுப்பினார். கூடவே சிரோட்டாவின் பழைய ஒலிப்பதிவும் ஒலித்தது.

ஆலயத்தை ஒட்டியிருந்த யூத நூலகக் கட்டடம் தீயில் கருகினாலும் விழவில்லை. அதன் முன்கூடத் தரையில் தீத்தழும்பு இன்றும் இருக்கிறது. இப்போது அது யூத வரலாற்று நிறுவனம். வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கல்பிளூமும் தோழர்களும் கெட்டோவுக்குள் ரகசியமாகத் திரட்டிப் புதைத்த காகிதங்கள் அங்கேதான் உள்ளன. தகரப் பெட்டிகள் 1946-லும், பால் கேன்கள் 1950-லும் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து எப்படித் தோண்டி எடுக்கப்பட்டன என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)