மாயவட்டமும் மறைபொருளும்

கலைகள் பலவும் காட்டப்படுவதனால் வளர்வன; மாயவித்தை ஒன்றோ மறைக்கப்படுவதனால் வாழ்வது. சிற்பியின் உளியைக் கண்டவர் சிற்பத்தை வெறுப்பதில்லை. செப்பிடுவித்தைக்காரனின் விரலசைவைக் கண்டுகொண்டவருக்கோ அக்கணமே வியப்பு அற்றுப்போகின்றது. இங்ஙனம் மறைவையே உயிராகக் கொண்ட கலைஞர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்த வரலாறு ஆராய்தற்குரியது. எதனை மறைத்தல் தகும், எதனை மறைத்தல் தகாது என்னும் வினா அவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுகின்றது. இலண்டன் மாநகரில் தோன்றிய ‘மஜிக் சேர்க்கிள்’ என்னும் மாயவட்டத்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

ஆங்கிலத்தில் இவ்வித்தைகளின் நுட்பங்களை விரித்துரைத்த பழைய நூல்களுள் றெஜினால்ட் ஸ்கொற் என்பார் 1584 இல் வெளியிட்ட நூல் தலைசிறந்தது. சூனியக்காரியர் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட எளிய பெண்கள் தூக்கிலிடப்பட்ட காலம் அது. அக்கொடுமைக்கு அடிப்படையான நம்பிக்கை பொய்யென நிறுவப் புகுந்த ஸ்கொற், பேயின் துணையால் நிகழ்வன எனப் பாமரர் கருதிய செயல்கள் பல கைத்திறனால் ஆவன என்று காட்டினார். ஈண்டு மறைபொருளை வெளியிடுதல் உயிர்காக்கும் அறமாயிற்று என்பது நோக்கத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சந்தைத் திடல்களை விட்டு அரங்குகளில் ஏறிய இவ்வித்தை, கற்றோரும் விரும்பும் கலையாயிற்று. 1905 ஆம் ஆண்டிலே தொழில்முறைக் கலைஞரும் பொழுதுபோக்காகப் பயின்றோருமாக 23 பேர் இலண்டனில் பினோலி என்னும் உணவகத்திற் கூடி மாயவட்டத்தை நிறுவினர். இளவயதில் மறைந்த மாற்றின் சப்பென்டர் என்னும் வித்தகரின் பெயரைச் சங்கத்திற்கு இடவேண்டும் என்று முதலிற் கருதினர். பின்னர், அவர் பெயரின் முதலெழுத்துக்களே அமைந்த ‘மஜிக் சேர்க்கிள்’ என்னும் பெயரைத் தெரிந்தனர். டேவிட் டெவன்ற் முதற் தலைவரானார். மறுஆண்டிற் சங்கத்தின் சஞ்சிகையும் வெளிவரத் தொடங்கிற்று. மறைபொருளை வெளியிட இசையாதவர் என்னும் பொருள்படும் இலத்தீன் வாசகத்தைச் சங்கம் தன் குறிக்கோளுரையாகக் கொண்டது.

இவ்விதி எத்துணைக் கடுமையானது என்பதை முதற் தலைவரின் வாழ்வே காட்டும். டெவன்ற் நோயுற்று மேடையைத் துறந்தவர். அவர் 1930களில் தம் வித்தைகளின் விளக்கங்களைப் பொதுமக்கள் படிக்கும் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். அவை அவரே ஆக்கியவை. ஆயினும் சங்கம் தன் முதற் தலைவரையே விலக்கியது. பின்னர் அவரை மதிப்புறு அங்கத்தவராக மீண்டும் ஏற்றுக்கொண்டது.

எனினும், மறைத்தல் வேறு, பொய்த்தல் வேறு என்பதைச் சங்கத்தார் உணர்ந்திருந்தனர். மேடையில் நிற்கும் வித்தகன் தன் முறையை மறைக்கின்றானேயன்றி, முறை ஒன்று உண்டென்பதை மறைப்பதில்லை. தெய்வ ஆற்றலோ ஆவியின் ஆற்றலோ தன்பால் உண்டெனச் சொல்லிப் பொருள் பறிப்பவனே வஞ்சகன். இத்தகைய உரிமைகோரல்களை ஆராய்தற்கெனச் சங்கம் 1914 இல் ஒரு குழுவை நியமித்தது. பிற்காலத்தில் அதற்குத் தலைமை தாங்கிய எலியற் என்பார் சென்னை அரசினர் கண் மருத்துவமனையில் பணியாற்றிப் புகழ்பெற்ற மருத்துவர். வானில் எறிந்த கயிறு தானே நிற்க, அதன்மேற் சிறுவன் ஏறி மறைவான் என மேனாட்டார் பரக்கப் பேசிய இந்தியக் கயிற்று வித்தையை அவர் ஆராய்ந்தார். 1934 இல் இலண்டனில் நிகழ்ந்த கூட்டத்திற்கு முன்னாட் சென்னை ஆளுநர் அம்ற்ஹில் பிரபு தலைமை வகித்தார். அவ்வித்தையை வெட்டவெளியிற் செய்துகாட்டுவோருக்கு 500 கினி பரிசளிப்பதாகக் குழு அறிவித்தது. அப்பரிசை வென்றார் எவருமிலர்.

பிறர் கூற்றுக்களை இங்ஙனம் சோதித்த சங்கம், தன் வாயிலிற் காத்துவந்த கூற்றொன்றை நெடுங்காலம் சோதித்திலது. அங்கத்தவராக விரும்புவோர் பரீட்சகர் முன் தம் திறனைக் காட்டுதல் வேண்டும். 1975 இல், அந்நாள் இளவரசரும் இந்நாள் மன்னருமாகிய சார்ள்ஸ், கிண்ணமும் பந்தும் கொண்ட செப்பிடுவித்தையைச் செய்துகாட்டித் தேறினார். ஆனால் பெண்களுக்கு அப்பரீட்சையில் இடமில்லை. அவர்களால் இரகசியம் காக்க இயலாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

ஜெனி வின்ஸ்ரன்லி என்னும் பெண் வித்தகர் இதனைப் பொறாது ஓர் உபாயம் வகுத்தார். அதன்படி சோபி லொயிட் என்னும் நடிகை, றேமண்ட் லொயிட் என்னும் இளைஞனாக வேடம் பூண்டார். பெண்மை தோன்றாவண்ணம் கையுறை அணிந்து, அக்கையுறையோடே கைத்திறன் வித்தைகளைப் பயின்றார். 1991 மார்ச்சில் பரீட்சகர் முன் தோன்றித் தேறி, அங்கத்தவருமானார். அவ்வாண்டு ஒக்ரோபரிற் பெண்களைச் சேர்த்துக்கொள்ளச் சங்கத்தார் பெரும்பான்மையாக வாக்களித்தனர். அப்போது அவர் தம் உண்மையை வெளியிட்டார். சங்கமோ, ஏமாற்றிச் சேர்ந்தார் என்று சொல்லி அவரை நீக்கியது. வியப்பூட்டும் வித்தையை ஆள்வதே தொழிலாகக் கொண்டோர், தம் முன் நிகழ்ந்த மிகச் சிறந்த வித்தையைப் பாராட்ட அன்று அறியாராயினர். இரகசியம் காக்க இயலாதவர் எனப்பட்ட பெண்ணினத்துள் ஒருத்தி, இரகசியத்திற் கைதேர்ந்த சபையின் நடுவிலேயே மாதக்கணக்கில் அதனைக் காத்தமையையும் அவர்கள் எண்ணிலர்.

முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு மேற் கழிந்தபின், 2025 இல் சங்கம் லொயிட்டைத் தேடிக் கண்டு அங்கத்துவத்தை மீள வழங்கிற்று. 2004 இல் மறைந்த வின்ஸ்ரன்லி அதனைக் காண இருந்திலர்.

கலைக்குரிய நுட்பத்தை மறைத்தல் கலையைக் காத்தலேயாம். அதனைக் குறை கூறுவார் இலர். அம்மறைவின் நிழலில் ஆராயப்படாத எண்ணமொன்றும் ஒளிந்திருத்தல் கூடும். ஸ்கொற்றின் காலத்திற் பெண்களைக் கொன்ற பொய்யும், மாயவட்டத்தின் வாயிலில் அவர்களைத் தடுத்த பொய்யும் அளவில் வேறாயினும், சோதிக்கப்படாமையால் நிலைத்தமையில் ஒன்றே. முன்னதை ஒரு நூல் வெளிப்படுத்திற்று. பின்னதை ஒரு வித்தை வெளிப்படுத்திற்று.