நஞ்சுக்கொடியில் கிடைத்த ஔஷதம்

1882ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் பிலிப் கோஷே என்னும் இளம் வைத்தியர், மண்ணீரல் அளவுமீறிப் பெருத்திருந்த 32 வயதுப் பெண்ணொருத்தியின் தேகத்தை ஆராய்ந்து, அதனுள் வீங்கிப் பருத்திருந்த விசித்திரமான உயிரணுக்களைக் கண்டு, இந்நோய் ஒருவகைப் புற்றே என்று தவறாகக் கருதித் தம் ஆய்வேட்டில் எழுதினார். அவ்வணுக்களில் தேங்கிக் கிடந்த வஸ்து சர்க்கரையோடு பிணைந்த ஒரு கொழுப்பு என்பது 1934இல் தெரிய வந்தது. அது தேங்குவதன் காரணத்தையோ, அமெரிக்காவில் பெதஸ்தா நகரத்துத் தேசிய சுகாதார நிலையத்தில் பணியாற்றிய ராஸ்கோ பிரேடியும் அவருடைய சகாக்களும் 1965இல்தான் நிரூபித்தார்கள்: ஆயுள் முடிந்த இரத்த அணுக்களை விழுங்கும் பேரணுக்களில், அக்கொழுப்பினின்று சர்க்கரையைப் பிரித்தெடுக்கும் குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்னும் நொதி இந்நோயாளிகளிடத்தில் குன்றியிருந்தது.

குறைந்ததை வெளியிலிருந்து ஊட்டலாமே என்று பிரேடி எண்ணினார். எண்ணம் எளிது, பிரயத்தனமோ நெடிது. பிரசவம் முடிந்ததும் புதைக்கப்படுவதும் எறியப்படுவதுமான நஞ்சுக்கொடியிலிருந்து அந்நொதியைச் சுத்திகரித்து, 1974இல் இரண்டு நோயாளிகளுக்கு ஏற்றியபோது அவர்களுடைய ஈரலில் தேங்கிய கொழுப்பு ஏறத்தாழக் கால்பங்கு குறைந்தது. ஆயினும் அடுத்துச் செய்த பரிசோதனைகளில் அந்தப் பலன் நிலைக்கவில்லை. செலுத்திய நொதியில் பெரும்பகுதி சேரவேண்டிய பேரணுக்களைச் சேராமல், ஈரலின் மற்ற அணுக்களில் போய் ஒடுங்கியதே அதற்குக் காரணம். இங்கேதான், என் அபிப்பிராயத்தில், இச்சரித்திரத்தின் மிகச் சிறந்த யுக்தி பிறந்தது: நொதியின்மேல் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனிகளை வேறு நொதிகளால் ஒவ்வொன்றாகக் கத்தரித்து, உள்ளே மறைந்திருந்த மேனோஸ் என்னும் சர்க்கரையை வெளிப்படச் செய்தார்கள், அதனைப் பற்றி இழுத்துக்கொள்ளும் இயல்பு பேரணுக்களுக்கு உண்டு. பின்னர் பன்னிரண்டு நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையில் இரத்தம் தேறி மண்ணீரல் சுருங்கக் கண்டு, 1991இல் அமெரிக்க அரசாங்கம் அம்மருந்தை அங்கீகரித்தது.

ஒரு நோயாளிக்கு ஓராண்டுக்கு வேண்டிய மருந்துக்கு ஏறத்தாழ 20,000 நஞ்சுக்கொடிகள் தேவைப்பட்டன என்றால், அத்தனை ஆயிரம் தாய்மார் தாமறியாமலே யாரோ ஒருவருடைய எலும்பையும் இரத்தத்தையும் காத்தார்கள் என்பதை நினைக்க நெஞ்சம் நெகிழ்கிறது. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் மெரியு நிறுவனம் வேறு இரத்தப் புரதங்களுக்காக நஞ்சுக்கொடிகளைத் திரட்டி வந்தமையால்தான் இவ்வளவு பெருந்தொகை சாத்தியமாயிற்று. 1994இல், சீன வெள்ளெலியின் சூலக அணுக்களில் மனித மரபணுவைப் புகுத்தி அந்நொதியை வளர்த்தெடுக்கும் முறை அங்கீகாரம் பெறவே, இம்மருந்துக்காக நஞ்சுக்கொடி திரட்டும் தேவை படிப்படியாக நீங்கிற்று. விலை மாத்திரம் இறங்கவில்லையாதலால், ஏழை நாடுகளில் இந்நோயோடு பிறக்கும் குழந்தைகள் பலருக்கு அம்மருந்து இன்றளவும் எட்டாமலே இருக்கிறது.